என் வலது உள்ளங்காலும் பெரிய வியாழனும்

தம் உள்ளங்காலை முழுமையாக அறிந்தவர் உலகில் எவருமிலர். முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் ஆராய்கிறோம். கைகளைப் பேசும்போதெல்லாம் வீசிக் காட்டுகிறோம். உள்ளங்காலோ எழுபது ஆண்டுகள் நம்மைச் சுமந்துவிட்டு, ஒரு நாளேனும் நம் கண்ணுக்கு நேரே வராமல் அடங்கிக் கிடக்கிறது. என் வலது உள்ளங்காலை நான் அறுபத்தேழாம் வயதில்தான் முதன்முதலாகக் கூர்ந்து நோக்கினேன். அதன் விளைவாக, ஊரே திரண்டிருந்த ஓர் ஆலயத்தில், ஒலிபெருக்கி வழியாக, என் பாதத்தைப் பற்றி நானே அறிவிப்புச் செய்ய நேர்ந்தது. மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. இனி ஒப்புக்கொள்வதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. (மானம் அன்றைக்கே போய்விட்டது.)

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியன். பணிக்காலம் முழுவதும் சென்னையில் கழிந்தது. ஓய்வுக்குப் பின், மனைவி பிறந்த ஊர்ப்பக்கமே போய்விடலாம் என்று ஒரகடத்தை ஒட்டிப் புதிதாய் எழுந்த குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினோம். மனைவி பெயர் பிலோமினா. சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊரில் தொடர்வண்டித் துறையில் பணியாற்றியவரின் மகள். பெயரில் தமிழ் இல்லையே என்று வருந்தி, மணமான மறுநாளே அவளுக்கு 'அன்புமொழி' என்று பெயர் சூட்டினேன். அப்பெயரால் எத்தனை முறை அழைத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருமுறையும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. ('பிலோ' என்றால்தான் காப்பி வரும்.) நான் 'இல்லம்' என்பதை அவள் 'வூடு' என்பாள். நான் அரைமணி நேரம் விளக்கும் செய்தியை 'இன்னாத்துக்கு?' என்ற ஒரே வினாவில் முடித்துவைப்பாள்.

எங்கள் பங்கு ஆலயம் சிறியது. தகரக் கூரை, ஆறு மின்விசிறிகள். ஞாயிறு திருப்பலிக்கு வருவோரில் பாதிப்பேர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து தொழிற்சாலைகளில் பணியாற்றும் இளைஞர்கள். மறுபாதி உள்ளூர்க் குடும்பங்கள். இவ்விரு பாதியிலும் சேராதவன் நான் ஒருவனே. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். குடிவந்த முதல் மாதத்திலேயே, ஆலய வாயிலிலிருந்த அறிவிப்புப் பலகையின் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். இரண்டாம் மாதம், மறையுரை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் சென்று, அவர் ஆண்ட வடசொற்களின் பட்டியலை அளித்தேன். அவர் முப்பத்தைந்து வயது இளைஞர், புன்னகையோடு வாங்கிக்கொண்டார். அதன்பின் மூன்றாண்டுகள் அவ்வூரார் எவரும் என்னை எதற்கும் அழைக்கவில்லை. நலம் கேட்பார்கள், விலகிப் போய்விடுவார்கள். 'உங்கள பாத்தா பரீச்ச நாபகம் வருதாம் அவங்களுக்கு' என்றாள் மனைவி. நான் அதைப் பொருட்படுத்தாதவன்போல் இருந்தேன். உண்மையில் ஞாயிறுதோறும் வாயிலில் சற்றே நின்று, யாரேனும் பேச வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.

ஓர் அடைமழைக்காலத்தில் வலக்காலின் முன்பாதத்தில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, சிறு கல்லை மிதிப்பது போன்ற வலி தொடங்கியது. காலணியை உதறினேன், கல் இல்லை. கால் ஆணி என்று நானே முடிவு செய்தேன். மருந்துக்கடைக்காரரும் காலைப் பாராமலே 'கால் ஆணிதான் சார்' என்று ஒட்டுப்பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை இரண்டு நாள் ஒட்டினேன். மூன்றாம் நாள் என் பொறுமை தீர்ந்தது. கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, வலக்காலை இடத்தொடைமேல் ஏற்றி (அறுபத்தேழு வயதில் இதுவே ஒரு சாதனை), முகம் மழிக்கும் தகட்டால் அந்தத் தடிப்பைச் சீவினேன். உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஆணியின் வேர் என்று மகிழ்ந்து இன்னும் ஆழமாகச் சீவினேன். குருதி கசிந்தது. அறிவியலில் எனக்குள்ள புலமை அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அதன் அருகே மேலும் இரண்டு சிறு தடிப்புகள் தோன்றின. தாயும் இரு குட்டிகளுமாக மூவர் என் உள்ளங்காலில் குடியேறியிருந்தனர்.

இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. தகட்டால் சீவிய செய்தி வெளிப்படும் என்ற அச்சமே காரணம். முன்பொருமுறை என் காதில் நுழைந்த பூச்சியை நானே எடுக்க முயன்ற வரலாறு எங்கள் குடும்பத்தில் இன்னும் ஆறவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் பங்குத்தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய வியாழன் மாலை, ஆண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, பங்குமக்களில் பன்னிருவரை முன்னே அமர்த்தி, குரு அவர்களுடைய பாதங்களைக் கழுவி முத்தமிடுவது எங்கள் திருச்சபை வழக்கம். எங்கள் பங்கில் அந்தப் பன்னிருவரைத் திரட்டுவது பெரும்பாடு. ஒருவருக்கு இரவுப்பணி, ஒருவருக்கு ஓவர்டைம், ஒருவரை மேற்பார்வையாளர் விடமாட்டார். பங்குத்தந்தை கையில் ஷிப்டு அட்டவணைகளோடு வீடுவீடாக அலைவார். அன்று எங்கள் கூடத்தில் அமர்ந்து, 'ஐயா, இந்த வருஷம் மொதல் நாற்காலில நீங்க உக்காரணும்' என்றார்.

நான் அடக்கத்தோடு தயங்கினேன். அரை நொடிக்குமேல் தயங்கவில்லை.

அவர் போனபின் மனைவி அடுக்களை வாயிலில் நின்று என்னைப் பார்த்தாள். 'மூணு வருஷமாச்சு. இப்பதான் உங்கள ஒரு மனுசனா கூப்பிட்டிருக்காங்க. போயி ஒழுங்கா உக்காந்துட்டு வாங்க. அங்கயும் போயி தப்பு கண்டுபுடிக்காதீங்க' என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். என் தனிமை என்னைவிட அவளுக்கு அதிகம் வலித்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று மாலைதான் இடி விழுந்தது. குரு கழுவுவது வலக்காலை. முத்தமிடுவதும் அதே வலக்காலை.

மறுநாளே பேருந்தேறி, திருப்பெரும்புதூரில் தோல்நோய் மருத்துவர் ஒருவரைத் தேடிச் சென்றேன். நடுத்தர வயதுப் பெண்மணி. சொல்லைச் சிக்கனமாக ஆள்பவர். என் பாதத்தை விளக்கொளியில் வைத்து, தடிப்பை நேரே அழுத்தினார். பொறுத்துக்கொண்டேன். பிறகு இரு பக்கமும் விரலால் கிள்ளினார். இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன்.

'இது கால் ஆணி இல்ல சார். மரு. வைரஸால வர்றது' என்றார்.

தீநுண்மி என்று திருத்தவே வாயெடுத்தேன். பாதம் அவர் கையிலிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அவர் விளக்கியது இன்றும் எனக்கு மனப்பாடம். கால் ஆணியில் தோலின் வரிகள் அதன் மேலாகவே தொடர்ந்து ஓடும். மருவிலோ வரிகள் அதன் ஓரத்தில் அறுந்து விலகிவிடும். ஆணி நேரே அழுத்தினால் வலிக்கும்; மரு பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும். நான் வேர் என்று எண்ணிய கறுப்புப் புள்ளிகள் உறைந்துபோன நுண்ணிய குருதிக்குழாய்கள். உடல் எடை அழுத்துவதால் உள்ளங்கால் மரு வெளியே வளராமல் உள்நோக்கி அமுங்கி வளர்கிறது. ஈரத்தில் ஊறி வெடித்த தோல் வழியே தீநுண்மி நுழைகிறது. பொதுக் குளியலறைத் தரை, பிறர் செருப்பு, பிறர் துண்டு ஆகியவை அதற்கு வழி. சீவினாலும் சொறிந்தாலும் பக்கத்தில் பரவும்.

'பிளேடு போட்டீங்களா?' என்று கேட்டார்.

நாற்பதாண்டுகள் மாணவர்களை விசாரித்தவன் நான். அன்று மாணவனாக நின்று தலை குனிந்தேன்.

'வூட்ல வேற யாருக்காச்சும் இருக்கா?'

'எவருக்கும் இல்லை' என்றேன், ஐயத்துக்கு இடமே இல்லாத குரலில்.

சாலிசிலிக் அமிலம் கலந்த நீர்மம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். நகப்பூச்சுக் குப்பியைப்போல் சிறு தூரிகையோடு இருந்தது. நாள்தோறும் வெந்நீரில் காலை ஊறவைத்து, இறந்த தோலை அரத்தால் மெல்லத் தேய்த்துவிட்டு, மருவின்மேல் மட்டும் பூச வேண்டும். குறைந்தது மூன்று மாதம் ஆகும். எனக்கு இருந்ததோ நாற்பது நாள்கூட இல்லை. விரைவான வழி உண்டா என்று கெஞ்சியதும், கடுங்குளிர் நைட்ரசனைப் பீய்ச்சி உறையவைக்கும் முறையைச் சொன்னார். ஒரு மாத இடைவெளியில் இருமுறை செய்து பார்க்கலாம். தீருமென்று உறுதி கூறமாட்டேன் என்றார். 'நம்ம உடம்பே ஒரு நாளைக்கு அத அடையாளம் கண்டுகிட்டு வெரட்டிடும் சார். எப்பன்னுதான் யாராலயும் சொல்ல முடியாது.'

முதல் உறைவிப்பின்போது வலியை மறக்க உயிரெழுத்துகளை மனத்துக்குள் சொல்லத் தொடங்கினேன். 'ஊ'வன்னாவுக்குமேல் போக இயலவில்லை. அங்கேயே வாய்விட்டு நீட்டியபடி நின்றுவிட்டேன். மருத்துவர் 'இன்னும் அஞ்சு செகண்ட்' என்றார்.

புறப்படும்போது ஒரு பொதுவான ஐயம்போலக் கேட்டேன். 'ஒருவர் மற்றொருவரின் பாதத்தை முத்தமிட நேர்ந்தால் தொற்றுமோ?'

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டார். பிறகு, மிகுந்த மரியாதையோடு, 'சார், உங்க ஒய்ஃப் கிட்ட கொஞ்ச நாளைக்கு வேண்டாம்னு சொல்லுங்க' என்றார். விளக்கம் தரலாம், ஆனால் விளக்கினால் இன்னும் மோசமாகும் என்று தோன்றியது. நன்றி கூறி வெளியேறினேன்.

அமிலக் குப்பியை ஒளிக்க, வீட்டில் எவர் கையும் படாத இடம் ஒன்றைத் தேர்ந்தேன். அலமாரியில் பேரகராதியின் மூன்றாம் தொகுதிக்குப் பின்புறம். மாலையில் மனைவி ஆலயத்துக்குப் போகும் வேளையில் கதவைத் தாழிட்டு, வெந்நீர், அரம், தூரிகை, கைக்கண்ணாடி என்று என் வழிபாட்டை நடத்துவேன். பாதத்தை வளைத்தால் கண்ணாடி நழுவும்; கண்ணாடியைப் பிடித்தால் தூரிகை தவறி நல்ல தோலைச் சுடும்.

ஒரு வியப்பு மட்டும் நேர்ந்தது. குப்பியில் நீர்மம் நான் பூசுவதைக் காட்டிலும் விரைவாகக் குறைந்துகொண்டே வந்தது. மூடியை இறுக்கினேன். வெயில் கடுமை, ஆவியாகிறது என்று முடிவு செய்தேன். அதே நாள்களில் மனைவி சற்றே சாய்ந்து நடந்தாள். முழங்கால் வலி என்று எண்ணிக்கொண்டேன். செவ்வாய்தோறும் ஆலயத்துக்குப் போகும்போது உப்புப் பொட்டலம் ஒன்றும் மிளகுப் பொட்டலம் ஒன்றும் எடுத்துச் சென்றாள். எதற்கென்று கேட்டதற்கு, 'வேண்டுதல்' என்றாள். மாடியில் குடியிருந்த செபஸ்தியான் சொல்லிக் கொடுத்ததாம். அவன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரான். உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மாடி அறையில் அவனோடு இன்னும் மூவர். நான் ஒருநாள் அவனிடம், உப்பும் மிளகும் எதற்கப்பா என்று விசாரித்தேன். 'எங்கூர்ல உடம்புல எதும் மொளச்சா உப்பும் நல்லமொளவும் கோயில்ல போடுவாவ ஐயா. உப்பு கரையுத மாதிரி கரஞ்சிரும்' என்றான். மனைவிக்கு உடம்பில் என்ன முளைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வழக்கத்தின் தொன்மையைப் பற்றி அவனுக்கு இருபது நிமிடம் எடுத்துரைத்தேன். அவன் இரவுப்பணிக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டான்.

பெரிய வியாழனுக்கு ஆறு நாள் முன்பு இரண்டாம் உறைவிப்பு. அதன் பயனாக மரு இருந்த இடத்தில் நாவற்பழ நிறத்தில் ஒரு கொப்புளம் எழும்பியது. தாயைச் சுற்றியிருந்த குட்டிகள் நலமாகவே இருந்தனர். அன்றிரவே தீர்மானித்தேன்: பங்குத்தந்தையின் கையில் இடக்காலைக் கொடுத்துவிடுவது. எவரிடமும் எதையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாற்காலி போய்விடும். மூன்றாண்டுக்குப் பின் கிடைத்த ஒரே நாற்காலி.

(முத்தம் பதிவது புறங்காலில், மரு இருந்தது உள்ளங்காலில். ஒட்டுப்பட்டையால் மூடிவிட்டால் அச்சப்பட ஒன்றுமே இல்லை. இவ்வளவு எளிய உண்மை ஒரு பேராசிரியன் அறிவுக்கு எட்டவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.)

வியாழன் மாலை ஆலயம் நிரம்பி வழிந்தது. இடமில்லாதவர்கள் வெளியே நின்றனர். அவர்களுக்காக வாயிலில் ஒலிபெருக்கி கட்டப்பட்டிருந்தது. பீடத்தின்முன் பன்னிரண்டு நாற்காலிகள். முதல் நாற்காலியில் வெண்ணிற வேட்டியும் வெண்ணிறக் காலுறையுமாக நான். காலணியை வாயிலில் துறந்திருந்தேன், காலுறையைத் துறக்கவில்லை. பணி முடிந்து கம்பெனி பேருந்திலிருந்து நேரே இறங்கிய இளைஞர்கள், கனத்த பாதுகாப்புக் காலணிகளை வாயிலில் குவித்துவிட்டு வந்து அமர்ந்தார்கள். செபஸ்தியான் மூன்றாம் நாற்காலியில் இருந்தான். இரண்டாம் நாற்காலி காலியாகவே இருந்தது. அதற்குரியவரை அன்று ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்கள்.

பங்குத்தந்தை முன்வரிசையைப் பார்த்தார். 'அம்மா, நீங்க வாங்க. ஐயா பக்கத்துல உக்காருங்க' என்றார், என் மனைவியைப் பார்த்து.

அவள் முகம் வெளிறியது. வேண்டாமென்று கையசைத்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் எழுப்பி அனுப்பிவைத்தார்கள். வந்து என்னருகே அமர்ந்தவள் மும்முறை சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். பக்தி மேலீடு என்று எண்ணிப் பெருமையுற்றேன்.

எல்லாரும் வலக்காலைத் திறந்துவைத்து ஆயத்தமானார்கள். நான் ஓசையின்றி இடக்காலுறையைக் கழற்றினேன்.

செபஸ்தியான் என் மனைவிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, 'ஐயா, வலது காலுல்லா நீட்டணும்' என்று கிசுகிசுத்தான்.

'அறிவேன்' என்றேன்.

பங்குத்தந்தை இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கிண்ணத்தோடு என்முன் முழந்தாளிட்டார். நான் நீட்டிய காலைப் பார்த்துவிட்டு, மென்மையாக, 'ஐயா, வலது கால்' என்றார்.

'தந்தையே, இடக்காலை ஏற்றருள்க' என்றேன் தாழ்ந்த குரலில்.

அவருக்கு விளங்கவில்லை. புன்னகைத்தபடியே என் வலக்காலுறையைக் கழற்றக் கையை நீட்டினார். நான் காலை வெடுக்கென்று நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டேன். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. பதற்றத்தில், நாற்பதாண்டுகள் வகுப்பறையில் பேசிய அதே தெளிவான உச்சரிப்போடு சொன்னேன்: 'வேண்டாம் தந்தையே. அதில் மரு இருக்கிறது. தீநுண்மியால் வருவது. தொற்றக்கூடியது. தங்கள் உதடு அங்கே படலாகாது.'

அவர் கழுத்துப்பட்டையில் சிறு ஒலிவாங்கி ஒன்று செருகப்பட்டிருந்தது. அது என் வாயிலிருந்து ஒரு முழத் தொலைவில் இருந்தது.

என் குரல் ஆலயத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. வாயிலில் இருந்த ஒலிபெருக்கி அதைச் சாலைக்குக் கொண்டு சென்றது. எதிரே தேநீர்க்கடையில் நின்றவர்கள் குவளையோடு திரும்பினார்கள். நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு கம்பெனி பேருந்தின் சன்னல்களில் தலைகள் முளைத்தன. பங்குத்தந்தை ஒலிவாங்கியை அணைக்க முயன்றார். கை ஈரமாக இருந்ததால் தொடத் தயங்கினார். மூன்றாண்டுகளாக அவ்வூரார் என்னிடம் எதிர்பார்த்த பிழை ஒன்று, இறுதியில், முழு ஒலியோடு கிடைத்துவிட்டது.

பங்குத்தந்தை வேறொன்றும் கேட்கவில்லை. என் இடக்காலைக் கையில் ஏந்தி, நீர் வார்த்து, துடைத்து, முத்தமிட்டார். நான் கண்களை மூடிக்கொண்டேன். அவர் என் மனைவியின்முன் நகர்ந்து முழந்தாளிட்டதும் ஆலயத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. கண்ணைத் திறந்தேன்.

அவளும் இடக்காலை நீட்டியிருந்தாள்.

'அம்மா, உங்களுக்குமா?' என்றார் பங்குத்தந்தை.

'ஆமா சாமி. எனக்கும் அதேதான். இவருகிட்டேர்ந்து ஒட்டிகிச்சு' என்றாள் அவள். அவள் குரலும் சாலைவரை சென்றது. 'சொல்லிடலாம்னுதான் இருந்தேன். இவரு பாவம், நாற்காலி போயிடும்னு பயந்துகினே இருந்தாரு. என்னுது தெரிஞ்சா இவருதும் தெரிஞ்சிரும்ல.'

முதலில் சிரித்தவள் ஒரு சிறுமி. அடுத்து ஆலயம் முழுவதும் சிரித்தது. அதில் ஏளனம் இருந்ததா என்று நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பங்குத்தந்தையின் தோள்களும் குலுங்கின. அந்தச் சிரிப்பு அடங்குமுன், செபஸ்தியான் தன் வலக்காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு இடக்காலை நீட்டினான். 'ஃபாதர், எனக்குங் கெடக்கு. நாலு பேருக்கு ஒரே பாத்ரூம்லா. வெக்கப்பட்டுச் சொல்லாம இருந்தேன்' என்றான். அவனுக்கடுத்து விடுதியில் தங்கியிருந்த இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காலை மாற்றினார்கள். பன்னிருவரில் ஐவர் இடக்காலோடு அமர்ந்திருந்தோம்.

பங்குத்தந்தை எழுந்து நின்றார். 'கழுவணும்னுதான் நமக்குச் சொல்லியிருக்கு. எந்தக் கால்னு சொல்லல' என்றார். பிறகு வரிசையாக ஒவ்வொருவரிடமும், 'உங்களுக்கு எந்தக் கால்?' என்று கேட்டுக் கேட்டுக் கழுவினார்.

வழிபாடு முடிந்ததும், என்றும்போல் வாயிலில் நின்றேன். அன்று விலகிப் போனவர் எவருமில்லை. தெரியாதவர்கள் என் கையைப் பற்றினார்கள். ஒரு பெரியவர் அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைப் பூசச் சொன்னார். ஓர் அம்மையார் சுண்ணாம்பை வலியுறுத்தினார். ஒருவர் குதிரைமயிரால் கட்டினால் உதிர்ந்துவிடும் என்று கட்டும் முறையையே செய்து காட்டினார். தேநீர்க்கடைக்காரர் இருவருக்கும் தேநீர் கொடுத்து, 'கால் எப்படி கீது வாத்தியாரே?' என்றார். கடைக்காரர் என்னை 'சார்' என்னாமல் 'வாத்தியாரே' என்றது அதுவே முதல்முறை.

வீடு நோக்கி நடந்தோம். இத்தனை வாரம் ஒருவருக்கொருவர் தெரியாமல் நொண்டிக்கொண்டிருந்த நாங்கள், அன்று மறைக்காமல் நொண்டினோம்.

'குப்பி?' என்றேன்.

'அந்தத் தடி புக்குக்குப் பின்னாலதானே? வாரத்துக்கு ஒருதரம் அத தூசி தட்றது யாரு?' என்றாள். 'பாத்ரூம் செருப்பு ஒண்ணுதான் நம்ம வூட்டுல. உங்களுக்கு வந்தா எனக்கு வராதா? எதுனா வந்தா சொல்றதுக்கு இன்னா உங்களுக்கு?'

'தகட்டால் சீவிவிட்டேன், பிலோ. நீ திட்டுவாய் என்று' என்றேன்.

'திட்டுவேன்தான். திட்டிட்டு மருந்து போட்டு வுட்டிருப்பேன்ல' என்றாள்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரத்தில் அவளையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'எவருக்கும் இல்லைன்னு சொன்னீங்களே சார்' என்றார். முத்தம் பற்றிய என் பழைய ஐயமும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; குனிந்து ஏதோ எழுதத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் எங்கள் மாலைகள் மாறின. இரண்டு வாளி வெந்நீர், இரண்டு அரம், இரண்டு துண்டு, இரண்டு இணைச் செருப்பு. கலந்துவிடாதிருக்க அவளுடையவற்றில் சிவப்பு நூல் கட்டினேன். எனக்கு என் உள்ளங்கால் தெரியாது. அவளுக்குக் குனிவது கடினம். ஆகவே நான் அவள் பாதத்தை மடியில் வைத்துப் பூசினேன். அவள் என் பாதத்தை மடியில் வைத்துப் பூசினாள். கையுறை அணிந்துதான். 'இதுக்குத்தான் கல்யாணம் கட்டிகிட்டது' என்றாள் ஒருநாள், பூசி முடித்துக் குப்பியை மூடியபடி. மணநாளில் வலக்காலை முன்வைத்து என் வீட்டுக்குள் நுழைந்தவளின் பாதத்தை, முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின் அப்போதுதான் நான் கையிலேந்திப் பார்த்தேன். குதிகாலில் வெடிப்புகள். சுண்டுவிரலருகே எப்போதோ பட்ட ஒரு தழும்பு. எப்போது பட்டதென்று கேட்டேன். குடிமாறியபோது என் நூற்பெட்டி விழுந்ததாம். சொல்லவே இல்லையே என்றேன். நான் கேட்கவில்லையாம்.

அவளுடைய மரு இரண்டு மாதத்தில் விடைபெற்றது. (உப்பும் மிளகும் என்கிறாள் அவள்.) என்னுடையது ஏறக்குறைய ஓராண்டு தங்கி, ஒருநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் இல்லாதுபோயிற்று. தோலின் வரிகள் அந்த இடத்தில் மீண்டும் ஒழுங்காக ஓடின. மாடி இளைஞர்கள் நால்வரும் அதே மருத்துவரிடம் சென்றார்கள். அவர்கள் குளியலறை வாசலில் இன்று நான்கு பெயரெழுதிய நான்கு இணைச் செருப்புகள் இருக்கின்றன. பெயர்களில் பிழை உண்டு. நான் திருத்தவில்லை.

பெரிய வியாழனன்று 'உங்களுக்கு எந்தக் கால்?' என்று கேட்டபின் கழுவுவது எங்கள் பங்கில் வழக்கமாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் நிலைத்ததோ வேறொன்று. சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் என் மகன் புதுவீடு புகுந்தான். சம்பந்தி வீட்டார் புடைசூழ, மருமகள் ஆரத்தித் தட்டோடு வாயிலில் நின்று, எல்லாரையும் வலது காலை எடுத்து வைத்து வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தபோது மகன் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான்.

'நீங்க ரெண்டு பேரும் மட்டும் இடது கால எடுத்து வெச்சு உள்ள வாங்க' என்றான்.

சம்பந்தியம்மாள் திகைத்தார். அவருக்குக் கதை சொல்ல அரைமணி நேரம் பிடிக்கும். என் மகன் அதை நடித்தும் காட்டுவான், ஒலிபெருக்கி உட்பட. நான் மனைவியை நோக்கி, 'அன்புமொழி, நட' என்றேன்.

வாழ்நாளில் முதன்முறையாக, அப்பெயருக்கு அவள் திரும்பிப் பார்த்தாள்.

'கையப் புடிங்க, படி வழுக்கும்' என்றாள். பிறகு இருவரும் சேர்ந்து இடக்காலை எடுத்து வைத்தோம்.